கோணூசி படகேறின கதை

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்கள் அத்தனையிலயும் தண்ணியக் கண்டா நடுங்கற மீன்காரன் ஒருத்தன்தான் பொறந்தான். அவனையும் தேடிப் புடிச்சு என் தங்கச்சிக்கே கட்டி வெச்சாங்க.

அவன் பேரு இன்னான்னு கேக்காதீங்க. கல்யாணப் பந்தல்ல ஒரு தடவ சொன்னாங்க, அதோட சரி. ஊருக்கெல்லாம் அவன் கோணூசி. சாக்கு தைக்கற பெரிய ஊசி எப்பவும் காது மேல சொருவி இருக்கும். தூங்கறப்பகூட எடுக்க மாட்டான், பக்கத்துல படுக்கவே பயமா இருக்குன்னு என் தங்கச்சி பொன்னம்மா சொல்லுவா. ஆளும் அந்த ஊசி மாதிரியேதான், நீளமா, ஒல்லியா, நுனியில கொஞ்சம் வளைஞ்சு இருப்பான்.

அவன் நைனா, தாத்தா எல்லாரும் கடல்ல கெடந்து பொழைச்சவங்க. இவனுக்கு மட்டும் படகுல கால் வெச்சா வாந்தி. கரையில இழுத்துப் போட்ட படகுல ஏறினாலும் வாந்தி. படகைப் பத்தி ரொம்ப நேரம் பேசினாலே மூஞ்சி வெளுத்துப் பூடும். அதனால கரையில உக்காந்து பாய் தைக்க ஆரம்பிச்சான். அந்த வேலையில அவனைக் குறை சொல்ல முடியாது. எங்க குப்பத்துல ஏர்ற பாய் எல்லாம் அவன் கைத்தையல்தான்.

டச்சுக்காரங்க கொண்டு வர்ற ஒல்லாந்துத் துணின்னா அவனுக்கு உசுரு. எங்க கரையில இருந்த அவங்க கோட்டைக்கு வர்ற கப்பல்ல கிழிஞ்சு போன பாயைக் கழிச்சுப் போட்டா, கோட்டை வாசல்ல காலையிலேர்ந்து நின்னு, சிப்பாய்ங்க கிட்ட திட்டு வாங்கி, ஒரு துண்டாவது தூக்கினு வந்துடுவான். அதை நம்ம நாட்டுத் துணியோட ஒட்டுப் போட்டுத் தைப்பான். தொட்டுப் பாரு மச்சான், எருமைத் தோலாட்டம் கீதுன்னு எல்லார் கையையும் புடிச்சு இழுத்துத் தடவ வைப்பான். சோறு திங்கற நேரத்துல நான் எத்தினி தடவ அந்தத் துணியைத் தடவியிருக்கேன் தெரியுமா? எரிச்சலா வரும்.

அதவிட எரிச்சல், படகேறாத இந்த ஆளு படகோட்டற எங்களுக்கு வாத்தியார் வேலை பாக்கறது. நாங்க துறையை விட்டுக் கெளம்பினா போதும், முட்டியளவு தண்ணியில நின்னுக்கினு கத்துவான். பாயைத் தொங்க விடற குறுக்குக் கழிக்கு எங்க பக்கம் பருமல்னு பேரு. "பருமலை ஏத்திக் கட்டு, என் பாயைச் சாவடிக்காத"ன்னு முகத்துவாரம் வரைக்கும் அவன் சத்தம் கேக்கும். அலை கொஞ்சம் பெருசா வந்து தொடையை நனைச்சா மட்டும் வாயை மூடிக்கினு கரைக்கு ஓடிடுவான்.

இப்பிடி நிம்மதியா போய்க்கினு இருந்த காலத்துலதான் மீசைக்காரர் படகு கவுந்துது.

மீசைக்காரர் எங்க குப்பத்துலயே பெரிய படகு வெச்சிருந்தவர். மீசையும் பெருசு, கோவமும் பெருசு. ஏரி நடுவுல ஒரு வீச்சுக் காத்துல படகு சாஞ்சு, புடிச்ச மீனும் போச்சு, நல்ல வலையும் போச்சு. படகையும் பாயையும் நாங்க இழுத்துக்கினு வந்துட்டோம், ஆளுக்கு ஒண்ணும் ஆகல. நீந்தி வந்து, ஈரக் கோவணத்தோட நேரா நாட்டார் வூட்டுக்குப் போய் உக்காந்துட்டாரு. நாட்டார்னா எங்க குப்பத்துத் தலைவர், பஞ்சாயத்துல அவர் சொல்றதுதான் முடிவு. மீசைக்காரர் ஒரே பேச்சுதான் பேசினாரு: பாய் கோணலா இழுத்துச்சு, கோணூசி தையல் கெட்டுப் போச்சு, இனிமே அவன் இந்தக் குப்பத்துல ஊசியைத் தொடக் கூடாது.

பஞ்சாயத்து கூடிச்சு. என் மாப்ள அடங்கிப் பேசியிருந்தா ஏதாவது சமாதானம் பண்ணியிருக்கலாம். அவன் எழுந்து நின்னு, பாய் நல்லாத்தான் கீது, ஓட்டினவருக்குத்தான் ஓட்டத் தெரியலன்னான். மீசைக்காரருக்கு மூஞ்சி செவந்து பூட்சு. படகே ஏறாத பய எனக்கு ஓட்டத் தெரியலன்னு சொல்றானான்னு துண்டை ஒதறிக்கினு எழுந்தாரு. நாங்க நாலு பேரு புடிச்சு உக்கார வெச்சோம். அப்பத்தான் கோணூசி அந்த வார்த்தையைச் சொன்னான்.

"அதே படகு, அதே பாய். நானே ஓட்டினு முகத்துவாரத்து மணல்திட்டைத் தொட்டுட்டு வர்றேன். வரலன்னா பொண்டாட்டியக் கூட்டினு தெலுங்குக் கரைக்குப் பூட்றேன்."

ஒருத்தர் சிரிச்சாரு, அப்புறம் எல்லாரும் சிரிச்சாங்க. நாட்டார் சிரிக்கல. வாடைக் காத்து தொடங்கறதுக்குள்ள, கடல்லேர்ந்து அடிக்கற கடக்காத்து நல்லா ஏறின நேரமாப் பாத்து ஓட்டிக் காட்டணும், கழி ஊனக் கூடாது, யாரும் கை குடுக்கக் கூடாதுன்னு தீர்ப்பு சொல்லிட்டாரு. என் மாப்ளைக்கு அப்பவே லேசா வயித்தப் பொரட்ட ஆரம்பிச்சுது.

பொன்னம்மா என் வூட்டு வாசல்ல வந்து நின்னா. அழல. அழுதிருந்தா நான் ஏதாச்சும் சமாதானம் சொல்லி அனுப்பியிருப்பேன்.

"நீ அவருக்குக் கத்துக் குடுக்கற. இல்லேன்னா நான் மூட்டையக் கட்டணும். எனக்கு அந்த ஊர்ல யாரைத் தெரியும்?"

எங்க அம்மா செத்தப்புறம் எனக்குன்னு இருக்கறது அவ ஒருத்திதான். அவளை அனுப்பிட்டு நான் இந்தக் கரையில இன்னா பண்றது? சரின்னேன். சொன்ன நாக்கை நானே எத்தினி தடவ கடிச்சுக்கினேன்னு அப்புறம் கேளுங்க.

மொத நாளே சண்டை. தண்ணியில எறங்க மாட்டேன், எல்லாத்தையும் கரையிலயே கத்துக்கறேன்னான். நிக்கற படகுல ஓட்டக் கத்துக்கறது எப்பிடிடான்னேன். நெல்லை வயல்லயா மொதல்ல வெதைக்கறாங்க, நாத்தங்கால்லதானேன்னான். அவன் எப்பவும் இப்பிடித்தான், நாம பதில் சொல்ல முடியாத மாதிரி எதையாவது சொல்லிடுவான். மணல்ல கெடந்த என் படகுல ஏறி உக்காந்து, பாயை ஏத்தச் சொன்னான். ஏத்தினேன். கொஞ்ச நேரம் வாந்திய அடக்கிக்கினு, சுக்கானைப் புடிச்சுக்கினு ராஜாவாட்டம் உக்காந்திருந்தான். கடக்காத்து வந்துது. மணல்ல நிக்கற படகு எங்க போவும்? பக்கவாட்டுல அப்பிடியே சாஞ்சுது. கோணூசி பறந்து போய், பொம்பளைங்க கருவாடு காயப் போட்டிருந்த பாய் மேல வுழுந்தான். அவங்க வெளக்குமாத்தை எடுத்ததும் தானா தண்ணிப் பக்கம் ஓடி வந்தான். அதுலேர்ந்துதான் எங்க பாடம் தண்ணிக்கு மாறிச்சு.

ஏரியில பல எடத்துல ஆழம் கெடையாது, அதனால பாதி நேரம் கழி ஊனித்தான் படகைத் தள்ளுவோம். பந்தயத்துல கழி கூடாதுன்னாலும், துறையை விட்டு வெளிய போய்ப் பழகணும்னா கழி ஊனத் தெரிஞ்சாகணும். சேத்துல கழியைக் குத்தி, தள்ளி, புடுங்கணும். புடுங்க வரலன்னா கழியை விட்டுடணும், படகை விடக் கூடாது, இதான் மொத பாடம்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். தலைய ஆட்டினான். குத்தினான், தள்ளினான், கழி சேத்துல மாட்டிக்கிச்சு. படகு என்னோட முன்னால போச்சு. என் மாப்ள கழியோட பின்னால நின்னுட்டான். ஏரி நடுவுல கழி உச்சியக் கட்டிப் புடிச்சுக்கினு தொங்கறான், பக்கத்துல பூநாரைங்க மேய்ஞ்சுக்கினு இருக்குதுங்க.

எறங்கி நில்லு மாப்ள, இடுப்பளவு தண்ணிதான்னு கத்தினேன்.

"இடுப்பளவுன்னு உனக்கு எப்பிடித் தெரியும்? நீதான் அங்க படகுல கீறியே."

பூநாரைக்கு வயித்துக்குக்கூட வரலியே, பாருன்னேன். அது ஒசரமான பூநாரைன்னான். நான் படகைத் திருப்பிக்கினு வர்ற வரைக்கும் எறங்கவே இல்ல. வந்து பாத்தா அவன் பாரத்துல கழி சேத்துல எறங்கி, கால் கட்டை விரல் தண்ணியத் தொட்டுக்கினு இருந்துது.

வாந்தி வேற. பொன்னம்மா அதுக்குன்னு ஒரு மண்சட்டி குடுத்து அனுப்பினா. சட்டியை மடியில வெச்சுக்கினுதான் பாடம் படிப்பான். மொத தடவ சட்டிய எடுக்க நேரமில்ல, காத்து வர்ற பக்கமாத் திரும்பி வாந்தி எடுத்துட்டான். அது இன்னா ஆகும்னு நான் சொல்லணுமா? ரெண்டு பேரும் ஏரியில முழுகி எழுந்தோம். ஆனா ஒண்ணு, அன்னியிலேர்ந்து காத்து எங்கேர்ந்து வருதுன்னு அவன் தப்பாச் சொன்னதே இல்ல. கண்ணைக் கட்டிக் கேட்டாலும் கன்னத்தைக் காட்டிச் சரியாச் சொல்லுவான். எங்க குப்பத்துல பாதிப் பேருக்கு அந்தத் தெறமை கெடையாது.

சுக்கானோட ஒரு பெரிய வழக்கே நடத்தினான். சுக்கான் கட்டையை இடப்பக்கம் தள்ளினா படகு வலப்பக்கம் திரும்பும். அது அவனுக்கு ஞாயமாவே படல. ஊசியை எந்தப் பக்கம் தள்றமோ அந்தப் பக்கம்தான போவும், இது இன்னா பித்தலாட்டம்னு கட்டையை மொறைப்பான். மொறைச்சுக்கினே ஒரு நாள் அடுத்தவங்க வலைக்கு நட்ட கம்புங்க நடுவுல படகைக் கொண்டு போய்ச் சொருவினான். வலைக்காரங்க கிட்ட நான் கை கூப்பி நிக்கறேன், அவன் பின்னாலேர்ந்து, நான் சரியாத்தான் தள்ளினேன் மச்சான், படகுதான் தப்பாத் திரும்பிச்சுன்றான்.

எதிர்க்காத்துல நேரா போவ முடியாது, கோணக்கோணத்தான் ஏறணும். இதை அவன் மண்டையில ஏத்தத்தான் நான் ரொம்பப் பாடுபட்டேன். மணல்ல கோடு கிழிச்சுக் காட்டினேன், கத்தினேன், தலையில அடிச்சுக்கினேன். முடியாம ஒரு நாள், நீ பாய் ஓரம் தைக்கறப்ப இந்தப் பக்கம் ஒரு குத்து, அந்தப் பக்கம் ஒரு குத்துன்னு போவியே, அப்பிடிப் போடான்னேன். முகத்துவாரத்தை ஒரு பார்வை பாத்தான். அப்பிடியா சங்கதின்னு சுக்கானைப் புடிச்சான். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், பிசிறு இல்லாம தையல் போட்டுக்கினே போனான் பாருங்க, தலையில அடிச்சுக்கற கையை நான் கீழ எறக்கிட்டேன். நடுவுல ரெண்டு வாட்டி சட்டியில வாந்தி எடுத்தான், தையல் மட்டும் கோணல.

அன்னிக்குத் திரும்பறப்ப வத்து வந்து, ஏரித் தண்ணி எறங்கி, படகு சேத்துல குந்திடுச்சு. தண்ணி ஏர்ற வரைக்கும் சும்மா உக்காரணும். படகு ஆடாததால அவனுக்குக் கொஞ்சம் தெம்பா இருந்துது. தெலுங்குக் கரையிலயும் பாய் தைக்கலாமே, ஏன்டா இப்பிடி உசுரை வாங்கிக்கற, என் உசுரையும் வாங்கறன்னு கேட்டேன். கேலியாத்தான் கேட்டேன். அவன் கேலியா பதில் சொல்லல.

"இத்தினி காலமா நான் தச்ச பாயைக் கட்டிக்கினு எல்லாரும் போறீங்க. கரையில நின்னு பாத்தா வெள்ளையா ஒரு முதுகுதான் தெரியும். அது வயித்துல காத்து ரொம்பினா எப்பிடி இருக்கும்னு நான் கிட்ட இருந்து பாத்ததே இல்ல மச்சான். மீசைக்காரர் சொன்னது பொய்யின்னு எனக்கே தெரியணும்."

அதுக்கப்புறம் அவனைத் திட்றதைக் கொஞ்சம் கொறைச்சுக்கினேன். முழுசா நிறுத்தல, அது முடியாது.

கடைசியா ஒண்ணு மட்டும் மந்திரமாட்டம் சொல்லிக் குடுத்தேன். பாயோட கீழ் மூலையப் புடிச்சு வெச்சிருக்கற கயித்துக்குத் தாமான்னு பேரு. படகு சாஞ்சா சாமியக் கூப்புடாத, தாமானை விடுன்னேன். கயித்தை விட்டா பாயிலேர்ந்து காத்து வெளிய பூடும், படகு நிமிந்துக்கும். தூக்கத்துலகூட "தாமானை விடு, தாமானை விடு"ன்னு பொலம்பறாருன்னு பொன்னம்மா சொன்னா. போர்வையை இறுக்கிப் புடிச்சிருப்பானாம், அதைச் சொன்ன ஒடனே விட்டுடுவானாம்.

பந்தய நாள் வந்துது. ஊரே துறையில நின்னுச்சு. கோட்டைச் சுவர் மேலகூட நாலு துரைங்க வந்து நின்னு, தூரக்கண்ணாடியை மாத்தி மாத்தி வாங்கிப் பாத்துக்கினு இருந்தாங்க. சாட்சிக்கு மீசைக்காரரும் நானும் படகுல ஏறணும், கையைக் கட்டிக்கினு உக்காரணும், வாயைத் தொறக்கக் கூடாதுன்னு நாட்டார் சொல்லிட்டாரு. என் வாழ்க்கையிலயே நான் வாயை மூடிக்கினு படகுல போனது அன்னிக்குத்தான். கோணூசி சட்டியை எங்க ரெண்டு பேர் நடுவுல வெச்சுட்டு, காது மேல ஊசியத் தொட்டுக் கும்புட்டுட்டு, பாயை ஏத்தினான்.

போறப்ப எதிர்க்காத்து. இந்தப் பக்கம், அந்தப் பக்கம்னு தையல் போட்டுக்கினு போனான். மீசைக்காரர் அவனையே வெறிச்சுப் பாத்துக்கினு வந்தாரு. மணல்திட்டுல படகு மூக்கைத் தொட்டுட்டுத் திருப்பினான். இனிமே காத்து பக்கத்துலயும் பின்னாலயும்தான், முக்காவாசி ஜெயிச்சாச்சுன்னு நான் உள்ளுக்குள்ள மூச்சு விட்ட நேரத்துல வீச்சுக் காத்து அடிச்சுது.

மீசைக்காரர் படகு கவுந்த அதே மாதிரி சாஞ்சுது. ஒரு பக்க ஓரத்துல தண்ணி உள்ள வந்துது. மீசைக்காரர் தடுமாறி என் மேல வுழ, அவர் கால் பட்டுச் சட்டி உருண்டு போய்ப் பலகையில முட்டிச்சு. நான் வாய்ல துண்டைக் கடிச்சுக்கினேன். கத்தினா தோத்துடுவோம், கத்தலன்னா முழுகிடுவோம். கண்ணு முன்னால பொன்னம்மா மூட்டையோட நிக்கறா. கோணூசி மூஞ்சியில ரத்தமே இல்ல. ஒதடு மட்டும் அசைஞ்சுது. அப்புறம் தாமானை விட்டான்.

பாய் படபடன்னு அடிச்சுது. படகு நிமிந்துது. அவன் மெதுவாக் கயித்தைத் திருப்பி இழுத்தான், மறுபடியும் ஓட ஆரம்பிச்சுது. நான் அழுதுட்டேன், சொல்றதுக்கு இன்னா வெக்கம். ஆனா அவன் சந்தோசப்படல. தலையத் தூக்கிப் பாயையே பாத்துக்கினு வந்தான். காத்து கூடினா பாக்கறான், கொறைஞ்சா பாக்கறான். துறைக்கு வர்ற வரைக்கும் ஒரு தடவகூட வாந்தி எடுக்கல. அப்பவே ஏதோ சரியில்லன்னு எனக்குப் பட்டுச்சு.

கரையில ஒரே கூச்சல். பொன்னம்மா முந்தானையால மூஞ்சியத் தொடைச்சுக்கினு சிரிச்சா. நாட்டார் கையைத் தூக்கி, பாய் மேல குத்தமில்ல, கோணூசி இங்கயே தைக்கலாம்னாரு. என் மாப்ள மொதல்ல ஓரமாப் போய் பாக்கி வாந்தியெல்லாம் எடுத்துட்டு வந்தான். வந்து நின்னு சொன்னான்:

"குத்தம் கீது நாட்டாரே."

நான் அவன் தொடையில கிள்ளினேன். மச்சான் கிள்றான், கிள்ளட்டும்னு அதையும் ஊருக்குச் சொல்லிட்டு, பாயைக் கழட்டி மணல்ல விரிச்சான். ஒரு ஓரத்துல ஒல்லாந்துத் துணி ஒட்டுப் போட்டிருந்தான். காத்து ஏர்றப்ப நம்ம துணி நெகிஞ்சு வயிறு வைக்குது, ஒல்லாந்துத் துணி பலகையாட்டம் வெறைச்சு நிக்குது, பாய் கோணிக்கினு படகைச் சாய்க்குது, கரையில உக்காந்து தைக்கறவனுக்கு இது தெரியவே தெரியாது, மீசைக்காரர் சொன்னது நெசம்னான். சொல்லிக்கினே காது மேலேர்ந்து ஊசியை எடுத்து அந்தத் தையலைப் பிரிக்க ஆரம்பிச்சான். உசுருக்கு உசுரா வெச்சிருந்த துணி. பொன்னம்மா சிரிப்பு நின்னு போச்சு.

அப்ப மீசைக்காரர் தொண்டையக் கனைச்சாரு. பிரிச்சுக்கினு இருந்த கையையே பாத்தாரு. கயித்தை இழுத்து இழுத்து உள்ளங்கை தோலுரிஞ்சு கெடந்துது.

"அன்னிக்கு நான் தாமானைக் கையில புடிக்கல. பலகையில கட்டிப் போட்டுட்டுக் கஞ்சி குடிச்சுக்கினு இருந்தேன். காத்து வந்தப்ப முடிச்சு அவுரல. கையில புடிச்சிருந்தா இவனாட்டம் நானும் விட்டிருப்பேன்."

அதெல்லாம் இல்ல, குத்தம் பாய்தான்னான் கோணூசி. யார்ரா இவன், குத்தம் என் கஞ்சி மேலதான்னு சொல்றேன்ல, கேளுன்னாரு மீசைக்காரர். பஞ்சாயத்துல ஒருத்தர் மேல ஒருத்தர் பழி போட்டவங்க இப்ப பழிய ஏத்துக்கறதுக்கு அடிச்சுக்கறாங்க. துண்டை ஒதறிக்கினு மீசைக்காரர் எழுந்திரிக்க, அதே நாலு பேரு மறுபடியும் புடிச்சு உக்கார வெச்சோம். நாட்டார் ரொம்ப நேரம் தலையப் புடிச்சுக்கினு இருந்தாரு. அப்புறம் தீர்ப்பு சொன்னாரு: ஓட்டறவன் கயித்தைக் கட்டிப் போடக் கூடாது. தைக்கறவன் எங்கயும் போவக் கூடாது. ஆனா எந்தப் புதுப் பாயா இருந்தாலும் மொத ஓட்டம் அவனும் படகுல போவணும். என் மாப்ளைக்கு மூஞ்சி வெளுத்துது. சரின்னான்.

அதுக்கப்புறம் எங்க குப்பத்துல ஏறின ஒவ்வொரு பாய்க்கும் மொத ஓட்டம் கோணூசி போனான். கடைசி வரைக்கும் வாந்தியும் நிக்கல, அவனும் நிக்கல. பாய்மரத்தடியில அதே சட்டியோட உக்காந்து, மேல பாத்துக்கினே வருவான், கரைக்கு வந்து ஒரு தையலைப் பிரிப்பான், மறுபடியும் ஏறுவான். பந்தயத்தன்னிக்குப் பலகையில முட்டின சட்டி கீறல் வுட்டுக்கிச்சு. வேற சட்டி எடுடா, மேல வாங்கறதையெல்லாம் கீழ விடுது, என் படகு நாறுதுன்னு எத்தினி தடவ சண்டை போட்டிருக்கேன். ராசியான சட்டி மச்சான்னுவான். பொன்னம்மா கடைசி வரைக்கும் என் பக்கத்து வூட்லதான் இருந்தா, அதனால நான் அதுக்கு மேல பேச மாட்டேன்.

கோணூசி போய்ச் சேந்துட்டான். இப்ப வேற ஆளு பாய் தைக்கறான், நல்லாவே தைக்கறான், மொத ஓட்டமும் வர்றான், வாந்தியே எடுக்க மாட்டான். பாய்மரத்தடியில எதுக்கு மாமா அந்தச் சட்டின்னு கேட்டான். படகுல ஏர்ற தண்ணியை எறைக்கன்னு சொல்லி வெச்சிருக்கேன். ஓட்டச் சட்டியில எறைக்க முடியாதுன்னு எனக்குத் தெரியாதா இன்னா.